அங்கே வாழ்ந்தான் ஒரு ராஜா

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு பெயர் உண்டு. அந்த ஆக்ஸ்ஃபோர்டில், 1980களின் தொடக்கத்தில், ஓட்டுக்கூரை போட்ட ஓர் ஏழாம் வகுப்பில் ஆங்கிலப் பாடம் வில்லுப்பாட்டு மாதிரி நடந்துகொண்டிருந்தது.

“ஒன்ஸ் அப்பான் எ டைம்” என்று எடுத்துக் கொடுப்பார் சார். “முன்னொரு காலத்தில்” என்று ஐம்பது தொண்டைகள் பின்பாட்டுப் பாடும். “தேர் லிவ்டு.” “அங்கே வாழ்ந்தான்.” “எ கிங்.” “ஒரு ராஜா.” குடமும் உடுக்கையும்தான் குறை.

மூன்றாம் பெஞ்சில் இருந்த ஒரு பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே என்றால் எங்கே? கதையில் இன்னும் ஊரே வரவில்லையே? எழுந்து நின்று கேட்டும்விட்டான். சார் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அங்கதாம்ல. ராஜா இருக்குத எடத்துல” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்தப் பையன்தான் நாற்பது வருஷம் கழித்து இதை எழுதுகிறான். வசதிக்காக அவனை மூன்றாம் பெஞ்சு என்றே வைத்துக்கொள்வோம்.

‘அங்கே’ மட்டும் இல்லை. ‘தி’ என்று எங்கே வந்தாலும் அதற்கு ‘அந்த’ என்று பொருள் சொல்லியாக வேண்டும். ‘தி சன்’ என்றால் அந்தச் சூரியன். எந்தச் சூரியன் என்று கேட்டால் அரசியலாகிவிடும் என்பதால் யாரும் கேட்கவில்லை. ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பது ‘அது மழை பெய்கிறது’ ஆனது. மழையைப் பெய்துகொண்டிருந்த அந்த ‘அது’ யார் என்பது இன்றுவரை மூன்றாம் பெஞ்சுக்குத் தெரியாது.

பாடப்புத்தகம் அந்நாளில் மூன்று மாடிக் கட்டடமாக இருந்தது. அச்சடித்த ஆங்கில வரிக்கு மேலே பென்சிலில் அதன் உச்சரிப்பு, தமிழ் எழுத்தில். கீழே பொருள், அதுவும் தமிழில். ஆங்கிலம் நடு மாடியில் வாடகைக்குக் குடியிருந்தது. மேல் மாடியிலும் இடநெருக்கடிதான். தமிழில் ஒரே ஒரு ‘ப’, ஒரே ஒரு ‘ட’ என்பதால் கிரிக்கெட் மட்டையும் பேட், கெட்ட பையனும் பேட், பரீட்சை அட்டையும் பேட். எந்த பேட் என்று கண்டுபிடிக்க மறுபடி கீழ் மாடிக்கு இறங்கி வர வேண்டும்.

இதெல்லாம் சார் கண்டுபிடித்த முறை இல்லை. இலக்கண-மொழிபெயர்ப்பு முறை என்று இதற்குப் பெயரே உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரஷ்யாவில் உருப்பெற்றது. லத்தீனும் கிரேக்கமும் படித்த வழியிலேயே பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் படிப்பது: முதலில் ஒரு விதி, அடுத்து ஒரு சொற்பட்டியல், பிறகு மொழிபெயர்க்கப் பத்து வாக்கியம். பேச்சு என்கிற சமாசாரமே கிடையாது. 1882இல் வில்ஹெல்ம் வியட்டோர் என்ற ஜெர்மானியர் மொழிப்பாடம் தலைகீழாக மாற வேண்டும் என்று ஒரு சிறு நூல் போட்டார், அதையும் புனைபெயரில். சக ஆசிரியர்களைப் பற்றி எழுதுவதில் உள்ள ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு நாலு வருஷம் முன்பே அமெரிக்காவில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. மேக்சிமிலியன் பெர்லிட்ஸ், 1878இல் ரோடு ஐலண்ட் மாநிலத்தின் ப்ராவிடன்ஸ் நகரில் மொழிப்பள்ளி தொடங்கியவர். பிரெஞ்சு கற்பிக்கக் கடிதம் மூலமாகவே ஓர் உதவியாளரை அமர்த்தினார். நிக்கோலா ஜோலி என்கிற அந்த உதவியாளர் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது என்று. பெர்லிட்ஸோ படுத்த படுக்கை. வேறு வழியில்லாமல் பொருளைக் காட்டு, பெயரைச் சொல், கையால் நடித்துக் காட்டு என்று சொல்லி அனுப்பினார். ஆறு வாரம் கழித்து, பள்ளியை இழுத்து மூடியிருப்பார்கள் என்ற நினைப்போடு போனால், மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்களாம். பெர்லிட்ஸ் பள்ளிகள் தங்கள் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதை இது. ஜோலிக்கு மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தால் பின்னாளில் எத்தனையோ தமிழாசிரியர்கள், மன்னிக்கவும், தமிழில் ஆங்கிலம் நடத்திய ஆசிரியர்கள், திட்டு வாங்காமல் தப்பித்திருப்பார்கள்.

சென்னை மாநிலத்துக்கு அந்தக் காற்று 1950களின் கடைசியில் வந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. சிலருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் பலருக்குக் கொடுப்பார்கள், அந்தப் பலர் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருக்கும் என்பதால் இதற்குப் பனிப்பந்து என்று பெயர் வைத்தார்கள். பனியை சினிமாவில்கூடச் சரியாகப் பார்த்திராத ஊரில் பனிப்பந்து! அது சென்னையிலிருந்து உருண்டு தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது என்ன மிச்சம் இருந்திருக்கும் என்பதை மே மாதத்தில் பாளையங்கோட்டையில் நின்றவர்கள் ஊகிக்கலாம். 1961இல் உகாண்டாவின் மக்கெரேரேயில் கூடிய ஆங்கிலம் கற்பிப்போர் மாநாடும் ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிப்பதுதான் உத்தமம் என்று சொல்லிவிட்டுக் கலைந்தது.

மூன்றாம் பெஞ்சின் வகுப்புக்கு அந்த உத்தமம் வருஷத்துக்கு ஒரு நாள் வரும். அதன் பெயர் இன்ஸ்பெக்‌ஷன்.

முதல் நாள் சாயங்காலமே அழிரப்பரோடு மேல் மாடியும் கீழ் மாடியும் இடிக்கப்பட்டன. “நாளைக்கு எவனாது தமிழ்ல வாயத் தொறந்தீங்க, தொலைச்சிருவேன்” என்று சார் சொன்னார், தமிழில். மறுநாள் அதிகாரி பின்பெஞ்சில் உட்கார, பாடம் தொடங்கியது. சாக்பீஸ், டஸ்டர், ஜன்னல் எல்லாம் சுகமாகப் போயின. ‘ஜம்ப்’ வந்தபோது நாற்பதைத் தாண்டிய வயதில் சார் ஒரு குதி குதித்ததை வகுப்பு ரசித்தது. அப்புறம் வந்தது ‘ஜெலஸ்’. பாடத்தில் ஒரு மந்திரிக்கு இன்னொரு மந்திரியைப் பார்த்துப் பொறாமை.

பொறாமையை எப்படிக் காட்டுவது? சார் ஒரு பையனிடம் புதுப் பேனாவைக் கொடுத்தார். தள்ளி நின்று அதையே பார்த்தார். வகுப்பு அசையவில்லை. முகத்தைக் கோணினார். அதற்கும் பயனில்லை. கடைசியில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எரிகிறது என்று காட்டுவதற்காக விரல்களைத் தீ நாக்கு மாதிரி ஆட்டினார். வகுப்புக்கு வெளிச்சம் வந்தது. “ஸ்டமக் ஏக் சார்!” என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் தண்ணீர் கொண்டுவரவே ஓடிவிட்டான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்றாம் பெஞ்சுக்கு அது புரியவே இருபது வருஷம் ஆனது. தமிழ் வாயைத்தான் மூடியிருந்தார் சார், வயிற்றை மூடவில்லை. வயிற்றெரிச்சல் என்பது தமிழனுக்குத்தான் பொறாமை. ஆங்கிலேயனுக்கு வயிறு எரிந்தால் மருந்துக்கடைக்குப் போவான். ஒரு வார்த்தை பேசாமல், சார் அன்றைக்குச் செய்ததும் மொழிபெயர்ப்புத்தான். அதிகாரி என்ன எழுதினார் என்று தெரியாது. போகும்போது சாரிடம் தாழ்ந்த குரலில், “உடம்பைப் பாத்துக்கோங்க” என்றார்.

அதற்கு அடுத்த வாரம்தான் சார் தன் நிஜமான வித்தையைக் காட்டினார். கரும்பலகையில் ஒரு நீளமான தொடர்: ‘தி பாய் ஹூ ஸ்டோல் தி மேங்கோ விச் ஃபெல் ஃப்ரம் தி ட்ரீ.’ வகுப்பு வழக்கம்போல முன்னாலிருந்து பாடியது. அந்தப் பையன், யார், திருடினான், அந்த மாங்காய், எது, விழுந்தது. சார் கையை உயர்த்தினார். “நிறுத்துங்கல. வால்லேர்ந்து புடிங்க.”

பிரம்பைக் கடைசிச் சொல்லில் வைத்தார். ட்ரீ: மரம். ஃப்ரம்: மரத்திலிருந்து. ஃபெல்: மரத்திலிருந்து விழுந்த. மேங்கோ: மரத்திலிருந்து விழுந்த மாங்காயை. ஸ்டோல்: திருடிய. பாய்: பையன். பிரம்பு இடப்பக்கம் நகர நகர, தமிழ் வலப்பக்கம் வளர்ந்தது. “ஹூவும் விச்சும் எங்க சார் போச்சு?” என்று கேட்டது, சந்தேகமே வேண்டாம், மூன்றாம் பெஞ்சுதான். “பெயரெச்சத்துக்குள்ள கரைஞ்சிட்டு” என்றார் சார். ‘விழுந்த’, ‘திருடிய’ என்று எழுதி அந்த ‘த’வையும் ‘ய’வையும் வட்டம் போட்டுக் காட்டினார். பிறகு, ஆங்கிலப் பாடவேளை என்பதையே மறந்து, நன்னூலுக்குள் நுழைந்துவிட்டார். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் வழி எட்டு, அதில் ஒன்று அளைமறிபாப்பு. புற்றுக்குள் நுழைகிற பாம்பு உள்ளே போய்த் தலையைத் திருப்பி வால் பக்கம் வருமே, அதைப்போலக் கடைசியிலிருந்து முதலுக்குப் பொருள் வருவது. “இங்கிலீஷ்காரன் பூரா பயலும் அளைமறிபாப்பு” என்று சார் சொன்னபோது மணி அடித்தது.

உரையாசிரியர்கள் வாழ்ந்த மொழி இது. பதவுரை சொல்லி, கொண்டுகூட்டி, பொழிப்புரை தந்து, விசேடவுரையும் எழுதிய பரம்பரை. ஆங்கில வகுப்பில் மட்டும் பதவுரையோடு எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறோம். பழியை மொழிபெயர்ப்பின் தலையில் போடுகிறோம்.

பதவுரையோடு நின்றவர்களில் சக்கரவர்த்தி என்று ஒருவரைச் சொல்லலாம்: பெத்ரோ கரோலினோ. 1855இல் போர்த்துக்கீசியருக்கு ஆங்கில உரையாடல் கற்றுத்தர ஒரு கையேடு வெளியிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போர்த்துக்கீசிய-பிரெஞ்சுக் கையேடு ஒன்றையும் பிரெஞ்சு-ஆங்கில அகராதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையை முடித்தார் என்பது பொதுவான கணிப்பு. பிரெஞ்சில் ‘வெகுநேரம் காத்துக் கிடப்பது’ என்று பொருள்படும் ஒரு மரபுத்தொடர், அவர் கைபட்டதும் சின்னக் குரங்கைக் கடித்து மெல்லுவதாக ஆங்கிலத்தில் போய் இறங்கியது. 1883இல் அமெரிக்காவில் இது மறுபதிப்பானபோது முன்னுரை எழுதியவர் மார்க் ட்வைன். கற்றுக்கொள்ள வாங்கியவர்களைவிடச் சிரிக்க வாங்கியவர்களே அதிகம்.

மூன்றாம் பெஞ்சு வளர்ந்து மதுரையில் வேலைக்குப் போனதும் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தது. அங்கே ஒரே மந்திரம்: “இங்கிலீஷ்லயே யோசிங்க.” அன்றைக்கே மார்க்கெட்டில் முயன்று பார்த்தார். தக்காளிவரை யோசனை ஆங்கிலத்தில் ஓடியது. பீர்க்கங்காய் முன்னால் மூளை வாயடைத்து நின்றுவிட்டது. காய் வாங்காமல் வீடு திரும்பியதற்கு மனைவி சொன்னதை எந்த மொழியிலும் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அலுவலகத்தில் இன்னொன்று. மும்பையிலிருந்து வந்த மேலாளர் வெள்ளிக்கிழமை சொன்னார்: “வீ ஆர் கோயிங் டு குற்றாலம்.” மறுநாள் விடிகாலை மூன்றாம் பெஞ்சு துண்டு, நல்லெண்ணெய், சீயக்காயோடு மேலாளர் வீட்டு வாசலில். மேலாளர் சொன்னது நாங்கள். இவர் கேட்டது நாம். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே ‘வீ’. இந்த இருவகைப் பன்மையைப் பற்றி, பாளையங்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வந்த ஒப்பிலக்கணத்திலேயே எழுதியிருக்கிறார். மேலாளர் படித்திருக்கவில்லை. அருவியில் எல்லாருக்கும் எண்ணெய் தேய்த்துவிட ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

இடையில் உலகம் கொஞ்சம் திரும்பியிருந்தது. வேல்ஸைச் சேர்ந்த டாட்சன் என்பவர் 1967லேயே இருமொழி முறை என்று ஒன்றை முன்வைத்தார். சொல்லுக்குச் சொல் வேண்டாம், முழு வாக்கியத்தின் பொருளைத் தாய்மொழியில் சொல்லிவிட்டு நேரே பயிற்சிக்குப் போ என்றார். பொழிப்புரைதான். 2010இல் கை குக், மொழி கற்பித்தலில் மொழிபெயர்ப்புக்கு இடம் உண்டு என்று வாதாடி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். வெளியிட்டது ஆக்ஸ்ஃபோர்டு. பாளையங்கோட்டை இல்லை, மற்றது.

போன வருஷம் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் சார் கண்ணில் பட்டார். எண்பதைத் தாண்டியும் அதே குரல். அடையாளம் சொன்னதும், “அங்கே-ன்னா எங்கே-ன்னு கேட்டவன்தானடே நீ?” என்றார். பிறகு பழைய பாக்கியை எடுத்தார். அந்தக் காலத்தில் வகுப்பையே மடக்கிய கேள்வி: தசரதனுக்கு ராமன் எத்தனையாவது மகன்? இதை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். ‘ஹௌ மெனி சன்’ என்றால் ராமன் எத்தனை பேர் என்றாகிவிடும். ‘ஹௌ மெனித்’ என்று ஒருவன் சொல்லி அடி வாங்கினான். பதிலுக்கு ஆங்கிலம் இருக்கிறது, கேள்விக்கு இல்லை.

“கெடச்சுதாடே?”

மூன்றாம் பெஞ்சு, பிறந்த வரிசையில் ராமனின் இடம் எது என்று சுற்றி வளைத்து ஓர் ஆங்கில வாக்கியம் சொன்னார். சார் கண்ணை மூடிக் கேட்டார். “சரிதான். ஆனா பாளையங்கோட்டைலேர்ந்து ஜங்ஷனுக்குத் தூத்துக்குடி வழியா போன மாதிரில்லா இருக்கு.”

அதற்குள் நாகர்கோவில் பஸ் உறும, சார் அவசரமாக ஏறி, கண்டக்டரிடம் கேட்டார்: “தம்பி, வள்ளியூர் எத்தனையாவது ஸ்டாப்பு?”

“எண்ட் டு எண்ட் சார்.”

சார் இறங்கிவிட்டார். பஸ் கிளம்பியது. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு மூன்றாம் பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

“எங்க, இதத் தமிழ்ல சொல்லு பாப்போம்.”