டிஸ்க் அண்ணன்

சித்தாண்டியில் முருகன் கோயிலுக்கு வழி கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். லெப்டொப் இழுபடுகிறது என்று சொன்னால் அதே பிள்ளை டிஸ்க் அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும். ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. கடை இல்லை, விற்பனை இல்லை. எந்த எஸ்எஸ்டி வாங்குவது என்று ஆலோசனை மட்டும். அது இலவசம், போகிற நேரம் உங்களுடையது.

வந்த லெப்டொப்பை முதலில் கவிழ்ப்பார். மட்டக்களப்பில் சம்பந்தம் பேசப் போனால் குடி கேட்பார்களே, அதுபோல மதர்போர்டை விசாரிப்பார். இங்கே குடி தாய்வழி. அவர் கணக்கும் அப்படியே. சாட்டாக் குடியா, என்விஎம்ஈ குடியா? கலியாணத்துக்கு ஒரே குடி ஆகாது, இதற்கோ ஒரே குடிதான் ஆகும். எம்.2 வகையில் இரண்டு குடியும் ஒரே உருவில் வரும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றென்றால் என்விஎம்ஈ. இந்த இடத்தில் அண்ணனைக் குறை சொல்ல வழியில்லை. வெட்டைப் பாராமல் வாங்கிவந்து கடைக்காரரோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

அத்தோடு விட்டாரானால் நல்லது. விடமாட்டார். ஒரு கலத்தில் 4 பிட் திணிக்கும் கியூஎல்சி அவருக்குக் கண்ணில் காட்ட ஆகாது. 3 பிட்டோடு நிற்கும் டிஎல்சிதான் மரியாதை. டிராம் இல்லாத டிஸ்க் படியேற முடியாது. செக்கனுக்கு ஜென் 3 என்றால் 3,500 எம்பி, ஜென் 4 என்றால் 7,000 என்று அவர் ஏற்றிக்கொண்டே போவார். எதிரே குந்தியிருப்பது வேர்டில் பாடக்குறிப்பு தட்டும் வந்தாறுமூலைக் கெம்பஸ் பிள்ளை. 100 சொச்சத்தில் முனகும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 550 ஓடும் சாட்டாவைப் போட்டாலே அவளுக்குப் போதும். அதற்கு மேலான வேகம் வீடியோ வெட்டுகிறவருக்குத் தெரியும், வேர்டுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் இது தெரியும். சொன்னால் பேச்சு முடிந்துவிடுமே!

கடைசியில் ஒரு சொல் வைத்திருப்பார்: பொறு, விலை இறங்கும். 2022 தொடக்கத்திலும் அதைத்தான் சொன்னார். மார்ச்சில் ரூபாவை அவிழ்த்துவிட்டார்கள். 200 ரூபாயில் நின்ற டொலர் மே மாதம் 360-க்கு ஏறியது. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டும் இல்லை. பொறுத்திருந்தவர்கள் வந்து கேட்டார்கள்.

“டொலர் செஞ்ச வேலைக்கு நான் என்ன மனே செய்யிற?”

அந்தக் கெம்பஸ் பிள்ளை அடுத்த முறை வந்தபோது, மூடியைத் திறந்ததும் திரை வந்துவிட்டது.

“என்னத்தப் புள்ள போட்ட?”

“டவுன்ல கடைக்காரர் தந்தத, அண்ணே. நல்லா ஓடுது.”

“டிராம் இருக்கா எண்டு கேட்டியா?”

“இல்ல.”

அண்ணன் ஸ்குரூ டிரைவரைத் தேடத் தொடங்கினார்.

“இப்ப ஓடும் புள்ள. மறுகாத்தான் தெரியும்.”