பத்து வெள்ளிச் சப்பாத்து

மலாக்காவின் தெங்கேராவில் மேடு என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையில் போட்டிருக்கும் வேகத்தடையைத்தான் பார்க்க வேண்டும். கடலோர ஊர், கடைவீடுகள், பள்ளிவாசல், பழைய வீடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். 1819இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் ஊன்றக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சுல்தான் உசேன் ஷா, 1835இல் மலாக்காவில் காலமாகி, எங்கள் தெங்கேரா பள்ளிவாசல் வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். ஓய்வெடுக்க ஏற்ற ஊர் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஓடுவதற்கு இங்கே யாரும் வந்ததாக வரலாறு சொல்லவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் மலையோட்டக் குழு ஒன்று தொடங்கியதற்குக் காரணம் ஒரு காணொளி. பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகளில் கால் பதித்து, மோன் பிளாங்க் மலையைச் சுற்றிச் சுமார் 170 கிலோமீட்டர் ஓடுகிறார்களாம். 2003 முதல் நடக்கும் பந்தயம். நீல ஏரி, பைன் காடு, பின்னால் பனிமலை. அந்தக் காணொளியை நாங்கள் ரொட்டி சானாய் கடையில் பசியாறிக்கொண்டே பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ரொட்டிக்கு ஆர்டர் போனது என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

“நம்மளும் ஓடலாம் அண்ணே. நம்ம ஊர்ல ஏரி இல்லையா, காடு இல்லையா?” என்றான் குழுவின் இளையவன். லாரி ஓட்டுகிறவன், தூரம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மலையைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதலில் புக்கிட் சீனா. நகரத்துக்கு நடுவில் இருக்கும் குன்று, சீனாவுக்கு வெளியே உள்ள மிகப் பெரிய சீன இடுகாடுகளில் ஒன்று. மிங் காலத்துக் கல்லறைகள்கூட உண்டு. 1984இல் இந்தக் குன்றைத் தரைமட்டமாக்கிக் கட்டடம் எழுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். அதனால்தான் இன்று காலையில் பாதி ஊர் அங்கே மெதுவோட்டம் ஓடுகிறது. ஆனால் குழுவில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு இடம் ஒத்துவரவில்லை. ஏறும்போது ஒவ்வொரு கல்லறையைத் தாண்டும்போதும் நின்று மன்னிப்புக் கேட்டார். “படுத்திருக்கிறவங்களுக்கு முன்னால இப்படி மூச்சு வாங்கினா, இடம் கேட்டு வந்திருக்கான்னு நெனச்சிக்குவாங்க” என்று காரணம் சொன்னார். அவருடைய வயதுக்கு அது நியாயமான பயம்தான்.

பிறகு புக்கிட் பெருவாங். மேலே ஒலிபரப்புக் கோபுரம் வரை தார்ச்சாலையே போகிறது. தார் இருந்தால் அது காடு இல்லை என்று எங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் ஏறாமல் கீழே நின்றபடியே சொன்னார் என்பது வேறு விஷயம்.

ஆயர் குரோ ஏரிக்கரையில் ஓடியது உண்மையிலேயே நன்றாக இருந்தது. பக்கத்திலேயே தாவரவியல் பூங்காவின் காடு. நிழல் உண்டு, ஈரம் உண்டு, குரங்கும் உண்டு. குரங்குகளுக்கு எங்கள் வேகம் தெரிந்துவிட்டது. மற்ற ஓட்டக்காரர்களைக் கண்டால் விலகுகிறவை, எங்களைக் கண்டால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்று என் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அவசரமே இல்லாமல் வாங்கிக்கொண்டது.

ஏரி என்றதும் டுரியான் துங்கால் நீர்த்தேக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வயதுக்காரர்கள் கொஞ்சம் அமைதியாகிவிடுவார்கள். 1991இல் அது வற்றிப்போய் மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது. தண்ணீர் லாரி எந்தச் சந்தில் நிற்கிறது என்று தெரிந்ததும் இரண்டு கையிலும் வாளியோடு தெங்கேராவே ஓடியது. என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே வேகமாக ஓடிய காலம் அதுதான். அப்போது யாரும் நேரம் குறிக்கவில்லை.

இத்தனையும் லேடாங்குக்கான ஒத்திகை. குனோங் லேடாங், 1,276 மீட்டர். வெயில் தெளிந்த நாளில் மலாக்காவின் உயரமான கட்டடங்களிலிருந்து பார்த்தால் கிழக்கே தெரியும். எங்களுக்கு மலை என்றால் அது ஒன்றுதான். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் இளவரசி அங்கேதான் குடியிருக்கிறாள். சுல்தான் மாமூட் ஷா பெண் கேட்டு ஆள் அனுப்ப, அவள் கொடுத்த சீர்ப்பட்டியல் நம் வீட்டுப் பெரியம்மாக்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடும்: மலாக்காவிலிருந்து மலைக்குத் தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயம், தாழி நிறையக் கண்ணீர், பாக்குச் சாறு, கடைசியில் சுல்தானுடைய மகனின் ரத்தம் ஒரு கிண்ணம். கடைசி ஐட்டத்தில் கல்யாணம் நின்றுபோனது. என்னைக் கேட்டால் அந்தப் பாலத்தையாவது கட்டியிருக்கலாம். இன்றைக்கு ஜாசின் பாதையில் நெரிசல் குறைந்திருக்கும்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஹங் துவா. மாவீரன், பெண் கேட்கப் போன தூதுக் குழுவில் அவரும் இருந்தார். ஆனால் உச்சி வரை ஏறியவர் துன் மாமாட். வயதாகிவிட்ட ஹங் துவாவால் முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டார். இதைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து எங்கள் மாமா பாதியில் உட்காரும்போதெல்லாம் ஹங் துவாவின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உட்காருகிறார்.

1854இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாக்காவுக்கு வந்தபோது இந்த மலையில் ஏறினார். டார்வினுக்கு இணையாகப் பேசப்படும் இயற்கையியலாளர். பூச்சிகளைத் தேடி வந்த அவரை இங்கே அட்டைகள் தேடி வந்தன. குளிக்கும்போதெல்லாம் உடம்பிலிருந்து அட்டைகளைப் பிய்த்துப் போட்டதையும், ஒன்று கழுத்தில் ஒட்டி வயிறு நிறையக் குடித்ததையும் எழுதியிருக்கிறார். மேலே தண்ணீர் கிடைக்காமல், குடுவைச்செடியில் பூச்சி மிதந்த தண்ணீரையே குடித்துத் தாகம் தீர்த்திருக்கிறார்கள். ருசி நன்றாக இருந்ததாம். அந்த அட்டைகளின் வாரிசுகள் இன்றும் அதே முகவரியில்தான் இருக்கின்றன. இளவரசி கொசுவின் இதயத்துக்குப் பதில் அட்டையைக் கேட்டிருந்தால் நானே என் காலிலிருந்து இரண்டு தட்டு அனுப்பியிருப்பேன்.

மலையடிவாரத்துக்குப் போனால் உடனே ஓடிவிட முடியாது. பதிந்துகொள்ள வேண்டும், வழிகாட்டியாக ஒரு மாலிமைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பையில் உள்ள பொருளையெல்லாம் காட்டி எழுதவைக்க வேண்டும். இறங்கும்போது அதே கணக்கில் குப்பை திரும்பி வர வேண்டும். நல்ல ஏற்பாடு, நாடு முழுக்க வைக்கலாம். ஆனால் எங்கள் பைகளில் முறுக்கு, மிக்சர், நெகிழிப் பைகளில் கட்டிய புளிச்சோறு, தனித்தனிப் பொட்டலங்களில் ஊறுகாய். பட்டியல் எழுதிக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்ந்து, “எத்தனை நாள் தங்குகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டார். பகல் ஏற்றம் என்றோம். அவர் மறுபடி ஒரு தடவை எங்கள் வயிறுகளைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

இங்கேதான் சப்பாத்து விவகாரம் வருகிறது. எங்கள் ஆசிரியர் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த சப்பாத்து போட்டிருந்தார். நுரை வைத்தது, காற்றுப் போவது, விலையை வீட்டில் பாதியாகச் சொன்னது. நெற்றியில் மின்விளக்குப் பட்டை. கையில் இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம். மாலிம் வந்து நின்றார். அவர் காலில் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. அச்சில் ஊற்றி எடுத்தது, அடியில் முள் முள்ளாக இருக்கும், நாட்டில் எல்லாரும் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகச் சொல்வது. சாமான் கடையில் பத்து வெள்ளியைச் சுற்றித்தான் விலை. அதைப் போட்டுக்கொண்டு அவர் வழுக்குப் பாறையில் நடந்தார். ஆசிரியர் பின்னால் தவழ்ந்தார். கடிகாரம் மட்டும் விடாமல் கூவிக்கொண்டே வந்தது.

அந்தச் சப்பாத்து எங்களுக்குப் புதிதல்ல. ஜாசின் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டிய என் அத்தையின் லயத்து வாசலில் எப்போதும் ஒரு ஜோடி கவிழ்த்து வைத்திருக்கும். விடிவதற்கு முன்னாலேயே பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஓட வேண்டும். வெயில் ஏறாத குளிரில்தான் பால் நன்றாக ஓடும். அது ஓடும்போது வெட்டுகிறவளும் ஓட வேண்டும். ஒரு நிரையில் நானூறு ஐந்நூறு மரம், மேட்டிலும் பள்ளத்திலும். பிறகு வாளியோடு இன்னொரு சுற்று. அட்டைக்குக் காலில் சுண்ணாம்பும் புகையிலைத் தண்ணீரும். ஆசிரியர் கடையில் வாங்கிய பட்டியலில் அத்தையிடம் இல்லாதது கடிகாரம் ஒன்றுதான். அவருக்கு நேரம் பார்த்துச் சொல்ல, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இருந்தார்.

லேடாங்கின் அடிவாரத்திலேயே இருக்கிறது புக்கிட் அசகான் தோட்டம். 1967இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் கோலாலம்பூரை நோக்கி நெடுநடைப் பயணம் புறப்பட்டார்கள். நூறு மைலைத் தாண்டும் தூரம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வெறுங்காலோடு நடக்கும் பக்தர்களையும் சேர்த்துக்கொண்டால், மலாக்காத் தமிழனுக்குத் தூரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியது அண்மைக் காலப் பழக்கம்தான்.

ஏணிகளும் கயிறுகளும் தாண்டி ஒருவழியாக உச்சிக்குப் போனோம். ஓடினோமா என்று கேட்காதீர்கள். ஓட்டக் குழு என்பது பதிவுப் பெயர். மாமா ஹங் துவாவோடு பாதியில் தங்கிவிட்டார், புளிச்சோறும் அவரோடு தங்கிவிட்டது. மேலே மேகம். மோன் பிளாங்க் காணொளியில் பார்த்தது போல எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தக் காற்றுக்கு எந்த நாட்டு மலையையும் விட்டுக்கொடுக்கலாம்.

திரும்பி வந்து பதக்கம் மாதிரி ஒன்றைக் குழுவினருக்குக் கொடுத்தான் லாரிக்காரத் தம்பி. அவனே கடையில் சொல்லிச் செய்தது. அதை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “மலைமேல ஏதாச்சும் மரம் வெட்டினீங்களா?” இல்லை என்றேன். “பால் கொண்டாந்தீங்களா?” இல்லை. “அப்ப எதுக்குடா சம்பளம்?” சம்பளம் இல்லை அத்தை, நாங்கள்தான் காசு கட்டினோம் என்றேன். அத்தை அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. என் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று மனைவியிடம் கவலையோடு விசாரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: சீக்கிரம் போங்கள், மழை நாளில் வேண்டாம், மாலிமுக்கு முன்னால் ஓடாதீர்கள். அடிடாஸ் கம்போங் வாங்கினால் தடித்த காலுறையோடு போடுங்கள். இல்லாவிட்டால் குதிகால் உரிந்துவிடும். முறுக்கை ஒரே பையில் கட்டுங்கள். எழுதுகிறவருக்கும் குடும்பம் இருக்கிறது. இன்னொன்று, லேடாங்கின் உச்சி ஜொகூர் மாநிலம் தங்காக் மாவட்டத்தில் இருக்கிறது. எந்த மலாக்காக்காரனும் இதை வாய் திறந்து சொல்ல மாட்டான். நான் சொன்னதாக நீங்களும் ஜொகூர்க்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.