வஞ்சிரமும் சுத்தபோசனமும்

கேள்வி: தவக்கால வெள்ளியில் கறியை விட்டு வஞ்சிர வறுவல் சாப்பிட்டால் சுத்தபோசனம் ஆகுமா?
- ஒரு வாசகர், பாகூர்

பதில்: சட்டப்படி ஆகும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 14 வயது நிறைந்தவர்களை விலக்கச் சொல்வது இறைச்சியை, மீனை அல்ல. ஆனால் அந்த விலக்கு வேரூன்றிய நாளில் இறைச்சி என்றாலே விருந்து. இன்றோ வஞ்சிரத்தின் விலைக்கு முன்னால் பிராய்லர் கோழிதான் ஏழை. விருந்தை விடச் சொன்னால், அதைவிடப் பெரிய விருந்துக்கு உட்காருகிறோம். சட்டம் தடுக்காததை நாம் ஏன் கேட்க வேண்டும் எனலாம். திருச்சபையே கேட்கிறதே! ஒறுத்தல் பற்றி 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆவணம் நோன்பை ஜெபத்தோடும் ஈகையோடும் சேர்த்தே பேசுகிறது. வயிற்றில் குறைத்தது இன்னொருவர் வயிற்றுக்குப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படியானால் நெத்திலிக் குழம்பும் குற்றமா? இல்லவே இல்லை. நெத்திலியோடு நிறுத்தி, மிச்சக் காசை அடுத்த வீட்டு அடுப்புக்குக் கொடுத்தால் அந்த மீனிலும் நோன்பு உண்டு. பிறவியிலேயே சைவம் என்பவருக்கு மட்டும் வெள்ளி சும்மா கடந்துவிடும். அவர் விட வேண்டியது செல்பேசியாகவோ கோபமாகவோ இருக்கலாம். ஒறுத்தலுக்கு ஈடாக அன்புப் பணிகளை ஆயர் பேரவை வகுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் சிலுவைப்பாதை முடித்துத் திரும்பும் வழியில், இந்த வாரம் எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று விசாரியுங்கள்.