கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில்

லண்டனின் பழைய கல்லறைத்தோட்டங்களையும் அங்குள்ள மரங்களையும் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி வாசகர்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள். இந்த முறை முழு இடமும் அவர்களுக்கே.

கும்பகோணம் வாசகர்: செத்தவர்களுக்கு எதற்குத் தன்னார்வலர்?

செத்தவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். பாதையோரம் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு வேண்டும். அந்தப் பாதையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வேண்டும். பாட்டன் பெயரைத் தேடி வரும் பேத்திக்கு வேண்டும். மூவருமே உயிரோடு இருக்கிறார்கள்.

சேலம் வாசகர்: அந்தக் காலத்தில் தேவாலயத்தை ஒட்டித்தானே அடக்கம் செய்வார்கள்? லண்டனில் தனிக் கல்லறைத்தோட்டங்கள் எப்படி வந்தன?

இடம் போதவில்லை. 1801-இல் சுமார் 10 லட்சமாக இருந்த லண்டனின் மக்கள்தொகை, அடுத்த 40 ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பானது. தேவாலய முற்றங்களில் பழைய எலும்புகளை ஒதுக்கிவிட்டுப் புதியவர்களை இறக்கும் நிலை. 1832-இல் காலரா பரவியது. அதே ஆண்டில் தனியார் கம்பெனி ஒன்று கல்லறைத்தோட்டம் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதித்தது. 1833-இல் திறந்த கென்சல் கிரீனில் தொடங்கி 1841-இல் திறந்த டவர் ஹாம்லெட்ஸ் வரை மொத்தம் ஏழு. ஊருக்கு வெளியே மரம் வைத்து, நடைபாதை போட்டு அமைத்தார்கள். அப்போது ஊருக்கு வெளியே இருந்தவை இன்று ஊருக்கு நடுவில் இருக்கின்றன.

மதுரை வாசகர்: கம்பெனி நடத்திய இடம், தன்னார்வலர்கள் கைக்கு ஏன் வந்தது?

கல்லறைக்கான இடத்தை ஒருமுறைதான் விற்க முடியும். புல்லை ஆண்டுதோறும் அறுக்க வேண்டும். இந்தக் கணக்கு பல கம்பெனிகளுக்குக் கடைசிவரை கட்டுப்படியாகவில்லை. விற்க இடம் தீர்ந்தது, வருமானம் நின்றது, காடு உள்ளே வந்தது. 1839-இல் திறந்த ஹைகேட்டின் மேற்குப் பகுதிக்கு 1975-இல் பூட்டுப் போட்டார்கள். அதே 1975-இல் அக்கம்பக்கத்தார் கூடி ‘ஹைகேட் கல்லறைத்தோட்ட நண்பர்கள்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டவர் ஹாம்லெட்ஸில் 1966-இல் அடக்கம் நின்றது. நண்பர்கள் சங்கம் 1990-இல் வந்தது. இடையில் கழிந்த 24 ஆண்டுகளை அங்குள்ள மரங்களின் பருமனைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சென்னை வாசகர்: ஹைகேட்டில் கார்ல் மார்க்ஸின் கல்லறையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது?

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இருக்கிறார். நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் இருக்கிறார். மார்க்ஸே 1883-இல் ஓர் எளிய இடத்தில்தான் அடக்கமானார். எல்லோரும் படம் பிடிக்கும் அந்தப் பெரிய தலை 1956-இல் வந்தது. ஆனால் நான் உங்களை முதலில் அழைத்துப் போகும் இடம் ‘லீபனோன் வட்டம்’. கல்லறைத்தோட்டம் வருவதற்கு முன்பே அங்கே ஒரு கேதுரு மரம் நின்றது. கட்ட வந்தவர்கள் அதை வெட்டவில்லை. அதைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் தோண்டி, வேரும் மண்ணும் நடுவில் அப்படியே இருக்க, சுற்றிலும் அறை அறையாகக் கல்லறைகளைக் கட்டினார்கள். பெரிய பூந்தொட்டியில் வைத்ததுபோல மரம் எல்லாக் கூரைகளுக்கும் மேலே நின்றது.

கோவை வாசகர்: அந்தக் கேதுருவை வெட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமா?

நியாயம்தான். உள்ளே பூஞ்சை அரித்துவிட்டது. தானாக விழுந்திருந்தால் கீழே உள்ள கல்லறைகளும், அங்கே நிற்கும் மனிதர்களும் தப்பியிருக்க மாட்டார்கள். 2019-இல் வெட்டினார்கள், பிறகு அதே இடத்தில் ஓர் இளங்கேதுருவை நட்டார்கள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள் நம் ஊரில். கேதுரு வைத்தவர்கள் அதன் முழு நிழலைப் பார்க்கக்கூட மாட்டார்கள். தெரிந்தேதான் வைத்தார்கள்.

நாகர்கோவில் வாசகி: எங்கள் ஊருக்கும் அந்தத் தோட்டங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையிலேயே உண்டு. கேத்தரின் பூத் மருத்துவமனை யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த அம்மையார் 1890-இல் காலமாகி அடக்கமானது லண்டனின் ஆப்னி பார்க் கல்லறைத்தோட்டத்தில். இரட்சணிய சேனையை அவரோடு சேர்ந்து நிறுவிய கணவர் வில்லியம் பூத் 1912-இல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆப்னி பார்க்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1840-இல் அது திறந்தபோது, லாடிஜஸ் என்ற நாற்றுப்பண்ணைக்காரர்கள் மரமும் செடியுமாக 2,500 வகைகளை அங்கே நட்டார்கள். அதுவும் தாவரப் பெயர்களின் அகரவரிசைப்படி, ‘ஏ’யில் தொடங்கி ‘இசட்’ வரை, மதிலோரமாகவே. நடந்து படிக்க ஓர் அகராதி! காலப்போக்கில் அதில் பல பக்கங்கள் தொலைந்துவிட்டன. ஆனாலும் 1993-இல் அந்த இடத்தை உள்ளூர் இயற்கைக் காப்பிடமாக அறிவித்தார்கள்.

தேனி வாசகர்: கல்லறைமேல் படரும் ஐவிக் கொடியைக் கண்டதும் பிடுங்கி எறிய வேண்டியதுதானே?

கொடியோடு எழுத்தும் வந்துவிடும். ஐவியின் பற்றுவேர்கள் கல்லின் மேல்தோலை இறுகப் பிடித்திருக்கும். இழுத்தால் தோல் உரியும். அனுபவசாலிகள் அடித்தண்டை மட்டும் நறுக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கொடி காய்ந்து பிடி தளர்ந்த பிறகு மெல்லக் கையால் எடுக்கிறார்கள். எல்லா ஐவியையும் எடுப்பதும் இல்லை. அது மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி அல்ல. இலையுதிர்காலத்தில் மற்ற பூக்கள் ஓய்ந்த நேரத்தில் தேனீக்களுக்குத் தேன் தரும். குளிர்காலத்தில் பறவைகளுக்குப் பழம் தரும். எழுத்து இருக்கும் கல்லில் வேண்டாம், வெறும் மதிலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

தூத்துக்குடி வாசகி: நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அங்கே ஏன் பாசி பிடித்துக் கிடக்கிறது?

அன்பில் குறை இல்லை அம்மா, கல்லில்தான் வேறுபாடு. நம் ஊர்க் காரைக் கல்லறைக்குச் சுண்ணாம்பு ஒரு சட்டை. ஆண்டுக்கொரு முறை மாற்றலாம். அங்கே சுண்ணக்கல்லிலும் சலவைக்கல்லிலும் பொறித்த எழுத்து, கல்லின் தோலிலேயே இருக்கிறது. ஆசிட் ஊற்றினால் கரையும்; கம்பி பிரஷ் போட்டால் சுரண்டிக்கொண்டு போகும். சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷும் மட்டும்தான் அங்கே அனுமதி.

இன்னொன்று: நீங்கள் பாசி என்று சொல்வதில் பெரும்பகுதி லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பிரிட்டனின் தேவாலய முற்றங்களில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட லைக்கன் வகைகள் வாழ்கின்றன. சில வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. ஒரு தட்டு அளவு வட்டத்தைத் தேய்த்து எடுக்க ஐந்து நிமிடம் போதும். அது மறுபடி வளர ஒரு நூற்றாண்டு ஆகலாம்.

தஞ்சாவூர் வாசகர்: காடாகவே விட்டுவிடலாமா, பூங்காவாக மாற்றிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். காடாக விட்டால் கல் போய்விடும். பூங்காவாக்கினால் ஆந்தையும் வௌவாலும் போய்விடும். ஹைகேட்டில் தானாக முளைத்து வளர்ந்தவை ஆஷ், சிக்கமோர் போன்ற மரங்கள். 2012-இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் இப்போது ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய வைக்கிறது. பாதையோரம் காய்ந்த ஆஷ் நின்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்கும் ஒழுங்கு உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதியில் உள்ள மரத்தில் கை வைக்க, பொதுவாக ஆறு வாரம் முன்னதாக நகராட்சிக்கு எழுதித் தர வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பெரிய வெட்டு வேலைகளைத் தவிர்க்கிறார்கள். குஞ்சு இருக்கும் கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம்.

திருச்சி வாசகி: லண்டனில் படிக்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைத்தோட்டத்தில் வேலை செய்கிறாளாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியவை மூன்று அம்மா: மேலே காய்ந்த கிளை, பக்கத்தில் சாய்ந்த கல், காலடியில் வழுக்கும் இலை. கெட்டியான பூட்ஸும் கையுறையும் வாங்கிக்கொடுங்கள். ஆடும் கல்லில் சாயக் கூடாது என்று சொல்லுங்கள். வீடு திரும்பியதும் குளிக்கச் சொல்லுங்கள், தீட்டுக்காக இல்லை, மண்ணுக்காக. நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள்.

ஈரோடு வாசகர்: அங்கே மிக முக்கியமான கருவி எது? ரம்பமா, மண்வெட்டியா?

பென்சில். மழை தின்பதற்குள் கல்லில் உள்ள பெயரை எழுதி வைக்க வேண்டும்.

திருநெல்வேலி வாசகர்: மரத்தின் வேர் கல்லைப் பிளக்கிறது. நீங்கள் கல்லின் பக்கமா, மரத்தின் பக்கமா?

கன்றாக இருந்தால் கல்லின் பக்கம். அன்றே பிடுங்கிவிட வேண்டும். முதிர்ந்துவிட்டால் மரத்தின் பக்கம். காரணம் இருக்கிறது. டவர் ஹாம்லெட்ஸில் அடக்கமானவர்கள் சுமார் 3,50,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு லண்டனின் ஏழைகள். சொந்தக் குழி வாங்க வழியில்லாமல், முன்பின் தெரியாத பலரோடு ஒரே பொதுக்குழியில் ஒருவர்மேல் ஒருவராக இறக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கல் இல்லை, பெயர் இல்லை. வீரனுக்கு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டிய மரபு நம்முடையது. கல் கிடைக்காத இந்த எளியவர்களுக்கு அங்கே மரம்தான் நடுகல்.

லண்டன் ஈஸ்ட் ஹாம் வாசகர்: வாரம் முழுக்க வேலை. என்னால் என்ன செய்ய முடியும்?

டவர் ஹாம்லெட்ஸ் உங்களுக்குப் பக்கம்தான். மாதத்தில் ஒரே ஒரு நாள் கொடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். முதல் நாளே வெட்டக் கேட்காதீர்கள். எதை வெட்டக் கூடாது என்று கேளுங்கள். ஒரு கல்லின் பெயரைப் பிள்ளை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்கட்டும். அப்படியே கல் இல்லாத ஓர் இடத்தில், ஒரு மரத்தடியில், ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.