சேனையின் சுபாவம்

கொல்லைப்புறத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி பறித்து, சாணிக் கரைசலில் தோய்த்து உலர்த்திய சேனைக்கிழங்குத் துண்டொன்றை முளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, எருவும் சருகும் இட்டு மூடிவிட்டால், அதற்குமேல் மனிதப் பிரயத்தனம் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லையாதலால், சோம்பலையே சுபாவமாகக் கொண்ட என்போன்றவர்களுக்கு இந்தப் பயிர் பரம அனுகூலமாக வாய்த்திருக்கிறது. ரோஜா வளர்ப்பவர் விடிந்ததும் எழுந்து பூச்சி தேடுகிறார். சேனை வளர்ப்பவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார்.

சித்திரையில் புதைத்த துண்டு, மழை கண்டதும் புள்ளியும் தேமலுமாக ஒரு தண்டை நீட்டும். உச்சியில் மூன்றாகப் பிரிந்து, மேலும் கிளைத்துக் குடையாய் விரியும். பார்ப்பவர் அதை மரக்கன்று என்றே எண்ணுகிறார்கள். தண்டென்று நினைப்பது காம்புதான், முழுவதும் ஒரே இலைதான் என்று நான் விளக்கினால், பரிகாசம் செய்கிறேனென்று கோபித்துக்கொள்கிறார்கள். 8 அல்லது 9 மாதத்தில் இலை பழுத்துச் சாயும். அப்போது தோண்டினால், நட்ட துண்டு வற்றி மறைந்திருக்க, அதன் தலையிலேயே புதுக்கிழங்கு பருத்திருக்கும்.

தோண்டாமல் சில வருஷங்கள் விட்டுவைத்தாலோ, ஒரு கோடையில் இலைக்கு முன்பாகவே பூ புறப்படும். கருஞ்சிவப்பு மடலும் சுருக்கம் விழுந்த கொண்டையுமாக அது தரையை ஒட்டி வீற்றிருந்து, அழுகிய மாமிசத்தின் துர்க்கந்தத்தைத் தெருவெங்கும் பரப்பும். பிண வாடையை நாடும் வண்டுகளையும் ஈக்களையும் வரவழைத்து மகரந்தச் சேர்க்கையை நிறைவேற்றிக்கொள்ளும் உபாயம் அது. பெண்பூக்கள் முதலில் பக்குவப்பட, பிறகே மகரந்தம் உதிரும். இந்தச் சாஸ்திர நுட்பத்தை, பரணில் பெருச்சாளி செத்துக் கிடக்கிறதென்று ஆள்விட்டுத் தேடிக் களைத்துப்போன அண்டை வீட்டாரிடம் எடுத்துரைத்தபோது, அவர் அதை ரசிக்கும் மனோநிலையில் இல்லை.

சமையற்கட்டிலும் இதற்கு மரியாதை உண்டு. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் என் இல்லாள் இதை நறுக்கத் துணிவதில்லை. சதைக்குள் ஊசிகளாய்ச் செறிந்திருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள்தாம் கையையும் தொண்டையையும் பிடுங்குகின்றன. புளித்தண்ணீரில் வேகவைத்தால் சாந்தமடையும், பெரும்பாலும். எங்களுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி ஒருமுறை சேனை வறுவலை வாயிலிட்டு, 'பேஷ், பேஷ்' என்று சொல்லிக்கொண்டே தொண்டையைச் செருமி, டம்ளர் டம்ளராக மோர் வாங்கி அருந்தியதைக் கண்ட நான், உபசாரத்தில் குறைவைக்கலாகாது என்று, அவர் இலையில் இன்னும் நாலு துண்டு வைக்கச் சொன்னேன்.