கிளைவ் துரையின் இருநூறு ஓட்டு

பிளாசியில் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்த்த ராபர்ட் கிளைவுக்கு, லண்டன் லெடன்ஹால் தெருவில் லாரன்ஸ் சலிவன் என்ற ஒரு மனிதரை அவ்வளவு சுலபமாகக் கவிழ்க்க முடியவில்லை. சலிவன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேர்மனாக இருந்தவர். தகராறு ஜாகீரில் தொடங்கியது. வங்காள நவாப் மீர் ஜாபர் கிளைவுக்கு எழுதிக்கொடுத்த ஜாகீரால், கம்பெனி கட்டவேண்டிய நிலவரி ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுண்டு அவர் பைக்கே போனது. சம்பளக்காரனுக்கு முதலாளி வாடகை கட்டும் விசித்திரத்தைச் சலிவன் ரசிக்கவில்லை.

கம்பெனிக்கு 24 டைரக்டர்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் தேர்தல். டைரக்டர் ஆக 2,000 பவுண்டுப் பங்கு வேண்டும், ஓட்டுப்போட 500 போதும். பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டில்லாத பெண்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு. ஆனால் 500 வைத்திருந்தாலும் 50,000 வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். எவ்வளவு நியாயமான விதி! அதனாலேயே ஓட்டை போடுவது சுலபமாயிற்று.

1763இல் கிளைவ் 1,00,000 பவுண்டுக்குப் பங்கு வாங்கி, ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து வேண்டியவர்கள் பெயரில் மாற்றினார். இருநூறு பினாமி, இருநூறு ஓட்டு. இன்றைய வோட்டிங் டிரஸ்டில் பங்குக்காரர்கள் ஓட்டை ஒரு தர்மகர்த்தாவிடம் ஒப்படைத்துவிட்டு டிவிடெண்டோடு நின்றுகொள்கிறார்கள். கிளைவ் தலைகீழாகச் செய்தார்: பெயரை ஊருக்குக் கொடுத்து, ஓட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

சலிவன் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் பிரித்தார், அரசாங்கமே அவர் பக்கம் நின்றது. சலிவன் ஜெயித்தார், ஜாகீர் நின்றது, கிளைவ் கோர்ட்டுக்கு ஓடினார். மறு வருடமே வங்காளத்தில் நவாப் மீர் காசிமோடு சண்டை என்று சேதி வர, பங்குக்காரர்கள் கிளைவின் காலைப் பிடித்தார்கள். சலிவன் நாற்காலியில் இருக்கும்வரை கப்பல் ஏறமாட்டேன் என்றார் அவர். நாற்காலி பறிபோனது; ஜாகீர் பத்து வருடத்துக்கு உறுதியானது.

இந்தக் கூத்தை நிறுத்த 1767இல் சட்டம் வந்தது: ஆறு மாதம் பங்கைக் கையில் வைத்திருந்தவருக்கே ஓட்டு. பெரிய மனிதர்கள் திருந்தினார்களா? ஆறு மாதம் முன்னதாகவே பிரிக்க ஆரம்பித்தார்கள்! 1769 தேர்தலுக்காகச் சலிவனும் அவர் கூட்டாளி லாக்லின் மெக்லீனும் முன்கூட்டியே பங்குகளைத் திரட்டினார்கள். பங்கு தந்தவர்களுக்குப் பின்னால் இன்ன விலை தருகிறோம் என்று வாக்கும் கொடுத்திருந்தார்கள். ஏப்ரலில் சலிவன் மீண்டும் டைரக்டர். மே மாதம் ஆற்காட்டுச் சீமையில் ஹைதர் அலியின் கை ஓங்கிய சேதி லண்டனை எட்டியது. பங்கு விலை சரிந்தது. ஜெயித்தவர்கள் திவால்! ஓட்டு வேட்டைக்கு ஆறு மாதத் தவணை வைத்த சட்டமே அவர்களை இந்த விலைச் சரிவுக்குள் மாட்டிவிட்டது.

1773இல் விதி இன்னும் இறுகியது: ஓட்டுக்கு 1,000 பவுண்டு, கையிருப்பு ஒரு வருடம். மெக்லீன் அதற்குள் விட்டதைப் பிடிக்க இந்தியாவுக்கே கப்பல் ஏறிவிட்டார். அங்கே ஆற்காட்டு நவாப் முகமது அலி அவரைத் தம் லண்டன் ஏஜெண்டாக்கிக்கொண்டார். நவாபுக்கும் கழுத்துவரை கடன்.