பறங்கிக்காயின் குடியுரிமை: ஒரு பூர்வாங்க ஆய்வு

நாகை கடைத்தெருவில் காய்கறிகள் இரண்டே இனம்: நாட்டுக்காய், இங்கிலீஷ் காய். கத்தரி, புடலை, அவரை, வாழைக்காய் முதல் இனம். கோஸ், காரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு இரண்டாவது. இந்தப் பகுப்பில் ஒரு முறைகேடு நெடுங்காலமாக நடந்துவருகிறது. நெற்றியிலேயே அந்நியன் பேரை எழுதி ஒட்டிக்கொண்டிருக்கும் பறங்கிக்காய், நாட்டுக்காய் வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

பறங்கி என்று நம்மவர் முதலில் சொன்னது, 16ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் வந்திறங்கிய போர்ச்சுக்கீசியரைத்தான். அவர்கள் பேருக்குத் தமிழ் பட்டா போட்டுக் கொடுத்தவை: சென்னையில் ஒரு மலை, கடலூர்ப் பக்கம் ஒரு பேட்டை, உடம்பில் ஒரு புண், சந்தையில் ஒரு காய். 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் 1781 வரை, அதாவது 123 ஆண்டு, இங்கே இருந்தார்கள். என் காய்கறிப் பையில் அவர்கள் பேர் சொல்ல ஒன்றுமில்லை.

உருளை, மிளகாய், பறங்கி மூன்றுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். மூன்றுக்கும் மூன்று விதி. மிளகாய் கள்ளப் பாஸ்போர்ட்டில் வந்தது. மிளகின் பேரைப் பாதி திருடிக்கொண்டு ஊரெல்லாம் ஏமாற்றியது. திவசச் சமையலில் மட்டும் குட்டு வெளிப்பட்டு, அன்று மிளகே திரும்ப அழைக்கப்படுகிறது. (திவசத்தில் பறங்கியின் நிலை என்ன என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வீடு தீர்ப்பு மாறும்.) உருளை எல்லா வீட்டிலும் நுழைந்தும் இன்னும் இங்கிலீஷ் காய்தான். பறங்கியோ திருவாதிரைக் களிக்குத் துணையாக வரும் ஏழுகறிக் கூட்டில் இல்லாவிட்டால், மாமியார்களின் எண்ணிக்கை ஆறோடு நின்றுவிடும். பிஞ்சாக இருந்தால் பாலில் வேகும் மரியாதை வேறு.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? என் கருதுகோள்: காய்க்கு முன்னால் பூ மனுப் போட்டது. மார்கழி விடியலில், கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார் தலையில் செருகுவதற்குப் பனி ஈரத்தோடு மஞ்சளாக விரிந்திருப்பது பறங்கிப்பூ. பிள்ளையார் தலையில் ஏறியவனிடம் எந்த ஊர் என்று யார் விசாரிப்பது? கோஸும் இதை முயன்றிருக்கலாம். அதற்குப் பூக்கும் வரை விட்டுவைக்கப்படும் கொடுப்பினை இல்லை.

கள ஆய்வுக்காகக் கடைத்தெருவில் ஓர் ஆயாவிடம் போனேன். சாக்கின் மேல் அரைக் காய், ஆரஞ்சு நிறச் சதையில் வழவழவென்று நார், அதில் வெள்ளை விதைகள்.

“ஆயா, இது நாட்டுக்காயா, இங்கிலீஷ் காயா?”

தோலில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். “எங்க கொல்லையில குப்பைமேட்டுல தானா மொளைச்சுக் கூரையில ஏறுனது தம்பி. ஒரு பத்தை போடவா?”

போடச் சொன்னேன். ஆய்வுக்கு ஆன மொத்தச் செலவு அதுதான். சான்றுப் பொருள் மதியமே புளிக்கூட்டாகிவிட்டது. விதைகளை வீட்டில் வழித்துக் கொல்லையில் எறிந்துவிட்டார்கள்.